அப்கிரேடுக்குப் பின் மிரர் பாதியாக நின்றால் எந்த வழி?

பட்டர்வொர்த்தில் ஒரு லாரி கம்பெனிக்கு நான்தான் சர்வர் பார்க்கிறேன். கணக்கு, இன்வாய்ஸ், டிரைவர்களின் டிரிப் ஷீட் எல்லாம் ஒரே பெட்டியில். ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. தரவு மட்டும் 4 டிபி டிஸ்க் இரண்டில், லினக்ஸின் எம்டி மிரராக இருக்கிறது. அதாவது, லினக்ஸின் எம்டி என்ற பகுதி ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும்; ஒரு பாதி விழுந்தாலும் மற்றப் பாதி ஓடும். அவர்களுக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கிளை உண்டு. பட்டர்வொர்த் இருக்கும் பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. சுங்கைப்பட்டாணி இருக்கும் கெடாவில் வெள்ளி, சனி. ஆக, இரண்டு இடத்திலும் ஆள் இல்லாத நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியைத் திறந்து தூசு தட்டி, கேபிள்களை ஒருமுறை அழுத்திவிட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டமான டெபியன் லினக்ஸை 11-ஆம் பதிப்பிலிருந்து 12-க்கு அப்கிரேட் செய்தேன். சர்வர் ஒழுங்காக எழுந்தது. கணக்கு மென்பொருள் திறந்தது. பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு காலை சுங்கைப்பட்டாணியிலிருந்து கணக்குப் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். “தம்பி, நாலு இன்வாய்ஸ் போட்டுட்டேன். ஆனா நம்பர் இடிக்குது. மூணு வாரத்துக்கு முந்தின நம்பர்ல இருந்து ஓடுது, பாருங்க.”

நடந்தது இதுதான். 19 நாளுக்கு முன்பே ஒரு டிஸ்கின் கேபிள் தளர்ந்து, அது மிரரிலிருந்து விழுந்திருக்கிறது. மற்றப் பாதி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கேபிளை அழுத்தியதும் விழுந்த டிஸ்க் மறுபடி உயிர் பெற்றது. அப்கிரேடோடு வந்த புதிய கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி), நல்ல பாதி மாட்டியிருந்த கூடுதல் சாட்டா கார்டு (டிஸ்கை இணைக்கும் அட்டை) மெதுவாக எழுந்தது. லினக்ஸ் அரை நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த பழைய பாதியை வைத்தே மிரரைத் தொடங்கிவிட்டது. விழுந்த டிஸ்குக்குத் தான் விழுந்தது தெரியாது. அதன் சூப்பர்பிளாக்கில் (ஒவ்வொரு டிஸ்கும் மிரரின் நிலையைக் குறித்து வைக்கும் இடம்) கடைசியாக எழுதப்பட்டது, இரண்டு பாதியும் நலம் என்ற செய்திதான்.

அந்த நேரத்தில் என் கை போனது ஒரே ஒரு கட்டளைக்கு: வெளியே நிற்கும் டிஸ்கை உள்ளே சேர். அதைத் தட்டியிருந்தால் 19 நாள் பழைய தரவு, நல்ல பாதியின் மேல் முதல் பிளாக்கிலிருந்து கடைசி வரை எழுதப்பட்டிருக்கும். எழுதி முடித்ததும், மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைத் திறந்தால் ‘யு யு’ என்று இரண்டும் நலமாகத் தெரியும். அதனால்தான் இங்கே உள்ள வழிகளை நான் வேகத்தையோ செலவையோ வைத்து ஒப்பிடவில்லை. எந்த வழியில் எந்தப் படி திரும்பப்பெற முடியாதது, அந்தப் படி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில், பழுது போலத் தெரியும், ஆனால் பழுது அல்லாதவை

அப்கிரேடுக்குப் பின் வரும் கூப்பிடல்களில் பலவற்றுக்கு எந்த ரிப்பேரும் தேவைப்படாது. எம்டி0 என்று இருந்த அரே (மிரராக இணைந்த டிஸ்குகளின் தொகுப்பு) திடீரென்று எம்டி127 ஆகியிருக்கும். அமைப்புக் கோப்பில் அந்த அரேயின் யுயுஐடி (தனி அடையாள எண்) இல்லை, அல்லது சர்வர் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் அந்தக் கோப்பின் நகல் பழையது, அல்லது சர்வரின் பெயர் மாறியிருக்கிறது. அரே தன்னுடையதா என்று லினக்ஸுக்குச் சந்தேகம் வந்தால் 127-இல் தொடங்கி இறங்கு வரிசையில் எண் கொடுக்கும். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமைப்புக் கோப்பில் சரியான வரியைச் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, எந்த டிஸ்க் எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எம்டி0 என்று எழுதியிருந்த இடத்தில் ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடியைப் போட்டால் முடிந்தது.

‘ஆட்டோ ரீட் ஒன்லி’ என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். முதல்முறை அதில் ஏதாவது எழுதப்படும்வரை அரே அந்த நிலையில் காத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு டிஸ்கைக் கழற்றினால் சர்வர் எழவே மறுக்கிறது என்றால், மிரரை விட்டுவிட்டு, சிஸ்டத்தை எழுப்பும் கிரப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்கிரேட் அதை ஒரு டிஸ்கில் மட்டும் எழுதியிருக்கலாம். இரண்டிலும் நிறுவ வேண்டும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்மையில் ஆபத்தானது. கெர்னல் மாறியதும், டிஸ்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறிக்கொள்ளலாம். நேற்றுவரை எஸ்டிபி என்று குறித்து வைத்திருந்த கெட்ட டிஸ்க் இன்று எஸ்டிஏ. டிஸ்கின் சீரியல் எண்ணைப் பார்க்காமல் எந்தக் கட்டளையும் தட்டாதீர்கள். நான் ஒவ்வொரு டிஸ்கின் முன்பக்கத்திலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்தை மார்க்கரால் எழுதி வைக்கிறேன்.

எந்தப் பாதி உண்மையானது?

வழியைத் தேர்வதற்கு முன் சர்வீஸ்களை நிறுத்துங்கள். டேட்டாபேஸ், கோப்புகளைப் பகிரும் சாம்பா, பேக்கப் வேலை, எல்லாம். பிறகு, மிரரைப் பராமரிக்கும் எம்டிஅட்மின் கருவியின் ‘எக்ஸாமின்’ மூலம் ஒவ்வொரு பாதியின் சூப்பர்பிளாக்கையும் தனித்தனியாகப் படித்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மூன்று வரி போதும்: ஈவென்ட்ஸ் எண் (அரேயின் நிலை மாறும்போதெல்லாம் ஏறும் எண்), கடைசியாக எழுதிய நேரம், அரே ஸ்டேட்.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அரே ஸ்டேட். ஒவ்வொரு பாதியும் தன் கண்ணுக்குத் தெரிந்ததை அதில் எழுதி வைத்திருக்கும். ‘ஏ’ என்றால் உயிரோடு இருக்கிறது, புள்ளி என்றால் காணோம். ஒரு டிஸ்க் ‘ஏ ஏ’ என்றும் மற்றது ‘ஏ’, ஒரு புள்ளி என்றும் சொன்னால், புள்ளி வைத்ததுதான் தொடர்ந்து வாழ்ந்த பாதி. கூட்டாளி போனதைப் பார்த்து அது எழுதியிருக்கிறது. ‘ஏ ஏ’ என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் வழியில் விடப்பட்ட பாதி. இரண்டும் ஒன்றையொன்று காணோம் என்று சொன்னால், இரண்டிலும் தனித்தனியாக எழுத்து நடந்திருக்கிறது. என் லாரி கம்பெனியில் அதுதான் நிலை. அக்கா போட்ட நான்கு இன்வாய்ஸ் பழைய பாதியில். அதற்கு முந்தைய 19 நாள் மற்றப் பாதியில்.

ஈவென்ட்ஸ் எண் பெரிதாக இருப்பதே புதியது என்று பல இடங்களில் சொல்வார்கள். ஒரு பாதி மட்டும் ஓடியிருந்தால் அது சரி. இரண்டும் தனியாக ஓடியிருந்தால் பழைய பாதியிலும் எண் ஏறிக்கொண்டே போகும். எண்ணை மட்டும் நம்பாமல், இரண்டையும் தனித்தனியாக, எழுத முடியாத நிலையில் திறந்து கடைசிக் கோப்பின் தேதியைப் பாருங்கள்.

அப்புறம் ஸ்மார்ட், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் அறிக்கை. 5-ஆம் எண்ணும் (மாற்றி வைக்கப்பட்ட கெட்ட செக்டர்கள்) 197-ஆம் எண்ணும் (சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள்) பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்க் தேய்கிறது. 199 (தரவு கடத்தும்போது வந்த பிழைகள்) ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். எனக்கு வந்ததும் 199தான்.

இப்போது வழிகள்

விழுந்த பாதியை அங்கேயே மறுபடி சேர்ப்பது எல்லாரும் முதலில் எடுக்கும் வழி. அரேயில் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) இருந்து, பாதி விழுந்து சில மணிநேரமே ஆகியிருந்தால், ‘ரீ-ஆட்’ செய்தால் மாறிய பிளாக்குகள் மட்டும் ஒத்துப்போகும். சில நிமிடத்தில் முடியும். காரணம் தெரிந்திருந்து, ஸ்மார்ட் சுத்தமாக இருந்து, எந்தப் பாதி புதியது என்பதில் சந்தேகமே இல்லாவிட்டால் நானும் இதைத்தான் செய்வேன். வேறு வழியைத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

பிட்மேப் இல்லையென்றால் கணக்கு மாறுகிறது. 4 டிபி டிஸ்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினாலும் ஏழரை மணிநேரம் ஆகும். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் எம்டி தானே விலகி வழிவிடும். இயல்பான கீழெல்லை நொடிக்கு 1,000 கேபிதான். அந்த நேரம் முழுக்க உங்கள் ஒரே நல்ல பாதி முழுவதுமாக வாசிக்கப்படுகிறது. பல மாதம் யாரும் தொடாத மூலையில் ஒரு கெட்ட செக்டர் இருந்தால் அது இப்போதுதான் வெளியே வரும். மற்றப் பாதியோ ஏற்கெனவே பாதி எழுதப்பட்ட நிலையில் இருக்கும். இந்த வழியில் திரும்பப்பெற முடியாத படி முதல் கட்டளையிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

சில நேரம் கருவியே நம்மைத் தடுக்கும். ‘இந்த டிஸ்க் ஏற்கெனவே இந்த அரேயின் உறுப்பினர் என்கிறது, ரீ-ஆட் செய்ய முடியவில்லை, உதிரியாகச் சேர்க்க வேண்டுமானால் முதலில் சூப்பர்பிளாக்கை அழி’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அவசரத்தில் அந்தச் செய்தியின் கடைசி வரியை மட்டும் வாசித்து அழித்துவிடுகிறார்கள். முதல் வரியைத்தான் நாம் வாசிக்க வேண்டும். அந்த டிஸ்கில் ஒரு முழு மிரரின் பாதி இருக்கிறது, அதைப் பார்த்தாயா என்று அது கேட்கிறது.

இன்னும் மோசமான ஓர் அறிவுரை இணையத்தில் சுற்றுகிறது: அரேயைப் புதிதாக ‘கிரியேட்’ செய், ‘அசூம் கிளீன்’ (இரண்டு பாதியும் ஒன்றே என்று வைத்துக்கொள்) என்று சேர்த்துக்கொள், தரவு அப்படியே இருக்கும். எம்டிஅட்மினின் பதிப்புக்குப் பதிப்பு தரவு தொடங்கும் இடமும், மெட்டாடேட்டாவின் (சூப்பர்பிளாக் எழுதப்படும் முறை) இயல்புப் பதிப்பும் மாறியிருக்கின்றன. பழைய அரே 0.90-இல் இருந்து, புதியது 1.2-இல் உருவானால், சூப்பர்பிளாக் டிஸ்கின் தொடக்கத்தில் 4 கேபி தள்ளி, உங்கள் ஃபைல் சிஸ்டத்தின் மேலேயே எழுதப்படும். அப்கிரேட் முடிந்த சர்வரில், அதாவது கருவியே மாறிவிட்ட சர்வரில், இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இரண்டாவது வழி பின்வாங்குவது. பழைய சிஸ்டத்துக்கே திரும்பி, திங்கட்கிழமை வேலை ஓடட்டும், அடுத்த மாதம் பார்ப்போம் என்பது. அப்கிரேடுக்கு முன்பே ஒரு பாதியை முறைப்படி விலக்கிக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தால் இது மிக நல்ல வழி. ஜார்ஜ் டவுனில் ஒரு அச்சகத்துக்கு இப்படித்தான் செய்கிறேன். சிஸ்டமும் தரவும் ஒரே மிரரில் இருக்கும் சின்ன இடங்களுக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது.

ஆனால் இதற்கு ஆயுள் குறைவு. டெபியன் 12-இல் டேட்டாபேஸ் மென்பொருள்களும் மாறுகின்றன: மரியாடிபி 10.5-லிருந்து 10.11-க்குப் போகிறது; போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து 15-க்கு. புதிய பதிப்பு தொட்ட டேட்டா கோப்புகளைப் பழைய பதிப்பு திறக்கும் என்று நம்ப முடியாது. அதனால் புதிய பக்கத்தில் போட்ட இன்வாய்ஸை டிஸ்க் மட்டத்தில் பழைய பக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. டம்ப் (டேட்டாபேஸின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக) எடுத்துக் கொண்டுவரலாம், அல்லது கையால் மறுபடி போடலாம். ஒரு காலை வேளை வரை இது வழி. ஒரு வாரம் போய்விட்டால் இது வழியே அல்ல. இன்னொன்று: அலமாரிப் பாதியை மாட்டும்போது மற்றதைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அரே யுயுஐடி. இரண்டையும் ஒன்றாக மாட்டி எழுப்பினால், எதை நம்புவது என்ற கேள்வியை நாமே உருவாக்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது வழிதான் நான் லாரி கம்பெனிக்குத் தேர்ந்தது: புதிய டிஸ்க் இரண்டு வாங்கி, பக்கத்தில் புதிய மிரர் கட்டி, தரவைக் கோப்பு மட்டத்தில் நகலெடுப்பது. பழைய இரண்டு பாதியும் கடைசிவரை வாசிக்க மட்டுமே படும். ஒரு எழுத்துகூட அவற்றில் எழுதப்படாது.

இதைச் சோம்பேறி வழி, பணம் செலவழித்துத் தப்பிக்கும் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெட்டியில் இருப்பது டிரைவர்களின் டிரிப் கணக்கு. மாதக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அனுப்பிய இ-இன்வாய்ஸ்கள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் இருக்கும். டிரிப் ஷீட் வேறு எங்கும் இருக்காது. வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். இரண்டு டிஸ்கின் விலையை இதோடு வைத்துப் பார்த்தால் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தவுக்கேயும் (கம்பெனி முதலாளி) அப்படியே சொன்னார்: “டிஸ்க் வாங்கிக்கலாம். அந்தப் பையன்களோட கணக்கை எங்க போய் வாங்குறது?”

செய்த விதம் இது. இரண்டு டிஸ்கையும் வேறு வேறு கடையில் வாங்கினேன். ஒரே லாட்டில் வந்தவை ஒரே காலத்தில் தேய வாய்ப்பு உண்டு. ஒரு புதிய டிஸ்கையும் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லையும் கொடுத்து ஒற்றைக் கால் மிரர் ஒன்றை உருவாக்கினேன், பிட்மேப்போடு. நல்ல பாதியை, சீரியலைச் சரிபார்த்த பிறகு, ரீட் ஒன்லியாகத் திறந்து, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை ஓடவிட்டேன். டேட்டாபேஸை எழுப்பி, கடைசி இன்வாய்ஸ் எண் சனிக்கிழமைக்கு முந்தைய நாளுடையதுதானா என்று அக்காவைப் பார்க்கச் சொன்னேன். அவர் சரி என்ற பிறகுதான் இரண்டாவது புதிய டிஸ்கைச் சேர்த்தேன். பழைய பாதியில் மாட்டியிருந்த நான்கு இன்வாய்ஸை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் பத்து நிமிடத்தில் சரியான எண்ணோடு மறுபடி போட்டுவிட்டார். அந்த நான்கையும் டேட்டாபேஸ் மட்டத்தில் கலந்துவிடலாமா என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்கம் இல்லாத நேரத்தில், நான்கு இன்வாய்ஸுக்காக அதைச் செய்யக் கூடாது.

குறையும் உண்டு. ஒரு முழு நாள் போகும். டிஸ்க் கடை மூடியிருக்கும் நேரத்தில் இந்த வழி கிடையாது. அதனால் அப்கிரேடுக்கு முன்பே ஒரு புதிய டிஸ்காவது கையில் வைத்திருக்க வேண்டும். நல்ல பாதியே ஸ்மார்ட்டில் 197 காட்டினால் கோப்பு நகல் வேண்டாம். முதலில், பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ மூலம் டிஸ்கை முழுதாக ஒரு புதிய டிஸ்குக்கு எடுத்துவிட்டு, அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

வேறு நுட்பத்துக்கே தாவலாமா?

நான்காவதாகச் சொல்லப்படுவது, எம்டியை விட்டுவிட்டு, மிரரைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்களுக்கோ, மிரர் வேலையைத் தானே செய்யும் ஹார்டுவேர் ரெய்டு கார்டுக்கோ போவது. இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. எம்டியில் இரண்டு பாதியும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது; ‘ரிப்பேர்’ சொன்னால் ஒன்றை மற்றதன் மேல் எழுதும். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்திருப்பதால் கெட்டதைக் கண்டு நல்லதிலிருந்து திருத்தும். ஆனால் டெபியனில் அதன் கெர்னல் மாட்யூல் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்படுகிறது. அது கட்டப்படாமல் போனால் ரீபூட்டுக்குப் பின் பூலே (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பு) தெரியாது. பூலின் வசதிகளை அப்கிரேட் செய்துவிட்டால் பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாமலும் போகலாம். பிடிஆர்எஃப்எஸ் ஒரு பாதி இல்லையென்றால், ‘டிகிரேடட்’ என்று நாம் தெளிவாகச் சொல்லும்வரை திறக்காது. எனக்கு நடந்ததை நினைத்தால் அந்தப் பிடிவாதம் நல்லதுதான்.

ஹார்டுவேர் கார்டு அப்கிரேடைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் முழுதும் சரியல்ல. ரெட் ஹேட் லினக்ஸை ஒட்டி வந்த சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதிலிருந்து 8 வரிசைக்குப் போனவர்களில் பழைய எல்எஸ்ஐ நிறுவன ரெய்டு கார்டு வைத்திருந்த பலருக்கு வால்யூமே தெரியாமல் போயிற்று. ரெட் ஹேட் 8-இல் அந்தக் கார்டுகள் பலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டிருந்தது. எல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியத்தில் டிரைவர் கிடைக்கும், ஆனால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல வழிகள்தான். ஆனால் மிரர் பாதியாக நிற்கும் நாளில் இவற்றைத் தேர்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதலில் மூன்றாவது வழியில் தரவைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சனிக்கிழமை நிதானமாகத் தாவுங்கள்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 2012 ஆர்2-இன் ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்ததால் டைனமிக் டிஸ்க் (விண்டோஸின் பழைய மிரர் முறை) மிரரோடு இன்னும் பலர் புதிய பதிப்புக்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். டிஸ்கை வேறு சர்வரில் மாட்டினால் ‘ஃபாரின்’ என்று காட்டும். ‘இம்போர்ட்’ செய்தால் தரவு வரும். பார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘பிரேக் மிரர்’ இரண்டு பாதியையும் தனித்தனி வால்யூமாக வைத்திருக்கும். ‘ரிமூவ் மிரர்’ ஒன்றை அழித்துவிடும். பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கவனம் வேண்டும். யுஇஎஃப்ஐ (புதிய வகை எழுப்பும் முறை) சர்வரில், எழுப்பும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மிரர் ஆவதில்லை. இரண்டாவது டிஸ்கில் அதைக் கையால் உருவாக்காவிட்டால் அந்தப் பாதி தனியாக எழாது. தரவுக்கு மிரர் புதிதாகக் கட்டுவதென்றால் டைனமிக் டிஸ்க் வேண்டாம், மைக்ரோசாஃப்டே அதை ஓரங்கட்டிவிட்டது. விண்டோஸின் புதிய முறையான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் போதும்.

லாரி கம்பெனியின் பழைய இரண்டு டிஸ்கையும் சீரியல், தேதி, எது எந்தப் பாதி என்ற குறிப்போடு ஒரு பெட்டியில் போட்டு மூன்று மாதம் வைத்திருந்தேன். ஒரு பாதி விழுந்தால் வரும் எச்சரிக்கை மின்னஞ்சல் இப்போது எனக்கும் அக்காவுக்கும் வருகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை எம்டிஅட்மினின் சோதனை மின்னஞ்சல் ஒன்றை வேண்டுமென்றே அனுப்பவைத்திருக்கிறேன். மதியத்துக்குள் அது வரவில்லை என்றால் அக்கா எனக்குப் போன் செய்வார்.